கேமரா வரும் பின்னே, அறிவிப்பு வரும் முன்னே!

வாசகர் கேள்வி – பதில்

ஏப்ரல் நெருங்கினாலே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஒளிபரப்புத் துறையின் என்ஏபி கண்காட்சியில் எந்த கம்பெனி என்ன வீடியோ கேமராவை அறிவிக்கும் என்பதுதான் பேச்சு. இம்முறை குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம். அதிலிருந்து சில.

கல்யாண வீடியோ எடுக்கிறேன். கையில் இருப்பது 2 பழைய டிஎஸ்எல்ஆர். ஈஸ்டர் கழிந்ததும் வரிசையாக வேலை இருக்கிறது. ஏப்ரலில் புது மாடல் வரும் என்கிறார்கள். இப்போதே வாங்கவா, பொறுக்கவா?
– வாசகர், தக்கலை

தவக்காலம் முடிந்து முதல் கல்யாணம் எந்தத் தேதி என்று பாருங்கள். அதற்கு 4 வாரம் முன்பாவது கேமரா உங்கள் கையில் இருக்க வேண்டும். மெனு பழக, கலர் செட் பண்ண, கம்ப்யூட்டரில் எடிட் ஓடுகிறதா என்று பார்க்க அவ்வளவு நாள் வேண்டும். ஏப்ரலில் அறிவிக்கும் கேமரா அந்தக் கணக்குக்குள் வரவே வராது.

பழைய கதையைப் புரட்டினால் தெரியும். ரெட் ஒன் கேமராவை 2006 ஏப்ரலில் அறிவித்தார்கள். முதல் கேமராக்கள் வாடிக்கையாளர் கைக்கு வந்தது 2007 ஆகஸ்ட் கடைசியில். பிளாக்மேஜிக் ஊர்சா மினி 4.6கே 2015 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு 2016 மார்ச்சில்தான் வெளியே வந்தது. அதுவும், சொல்லியிருந்த குளோபல் ஷட்டர் (படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதியும்) வசதி இல்லாமல். அதே கம்பெனியின் பாக்கெட் சினிமா கேமரா 4கே 2018 ஏப்ரலில் 1,295 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முன்பணம் கட்டிய பலர் அடுத்த வருஷம் வரை காத்துக் கிடந்தார்கள். இப்போது இடைவெளி குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் உலகத்துக்கு வரும் தேதி ஒன்று, நாகர்கோவில் கடைக்கு வரும் தேதி வேறொன்று.

இன்னொன்று. பெரிய கம்பெனிகள் கண்காட்சிக்காகக் காத்திருப்பதை எப்போதோ விட்டுவிட்டன. சோனி எஃப்எக்ஸ்3 வந்தது 2021 பிப்ரவரியில். கேனன் சி50, நிக்கான் இசட்ஆர் இரண்டும் 2025 செப்டம்பரில், ஆம்ஸ்டர்டாமின் ஐபிசி கண்காட்சிக்குச் சில நாள் முன்னால் அறிவிக்கப்பட்டன. ஏப்ரலில் ஒன்றும் வராவிட்டால் செப்டம்பர், அதுவும் இல்லையென்றால் அடுத்த பிப்ரவரி என்று பொறுத்துக்கொண்டே போனால் ஒருநாளும் வாங்க மாட்டீர்கள்.

காத்திருப்பதில் லாபம் ஒன்றே ஒன்று: புதியது அறிவிக்கப்பட்டதும் பழைய மாடல் விலை இறங்கும், செகண்ட் ஹேண்டிலும் நிறையக் கிடைக்கும். அதற்காகக் காத்திருக்கலாம். அதுவரை நடுவில் வரும் 3, 4 வேலைக்கு வாடகைக்கு எடுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இவற்றைச் செய்து பாருங்கள்: லென்ஸ் மூடியை மாட்டி, ஐஎஸ்ஓ 6400 வைத்து 2 நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள், பெரிய திரையில் போட்டால் பழுதான பிக்சல்கள் வெள்ளை, சிவப்புப் புள்ளியாக மின்னும். பிறகு வெள்ளைச் சுவரை எடுங்கள். மயிரிழை போல நெடுக்காகவோ குறுக்காகவோ நிறக்கோடு தெரிந்தால் அது ரிசப்ஷன் மேடை லேசர் சென்சாரைச் சுட்ட தழும்பு. அதைச் சரிபண்ண சென்சாரையே மாற்ற வேண்டும்; வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி மெல்ல ஆட்டுங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் போர்டில் சால்டர் விட்டிருக்கலாம்.

யூடியூபில் 'கசிந்த' படம் ஒன்று ஓடுகிறது. நம்பலாமா?
– வாசகி, நாகர்கோவில்

படத்தை நம்பாதீர்கள். வைஃபை உள்ள எந்தக் கேமராவும் விற்பனைக்கு வருமுன் பல நாடுகளில் ரேடியோ அனுமதிச் சான்று வாங்க வேண்டும். அந்தப் பதிவில் ஒரு குறியீட்டு எண்ணும் எந்த வைஃபை என்பதும் இருக்கும். ஏதோ ஒரு கேமரா சில மாதத்தில் வரும் என்பது மட்டும்தான் அதிலிருந்து உறுதி. சென்சார், விலை எல்லாம் மற்றவர்கள் ஒட்டவைத்த வால்.

அறிவிப்பு வந்தவுடன் விவரப் பட்டியல் கிடைக்கும். அதில் எந்த வரிகளைப் படிக்க வேண்டும்? எனக்கு 4கே, 8கே தவிர ஒன்றும் புரிவதில்லை.
– வாசகர், குளச்சல்

மேலே பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டுக் கீழே பொடி எழுத்துக்கு வாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் சூடு. கேனன் ஆர்5 2020 ஜூலையில் வந்தபோது 8கே பதிவு 20 நிமிடம் என்று கம்பெனியே எழுதியிருந்தது. பக்கத்தில் சின்னதாக இன்னொரு எண்: 23 டிகிரி செல்சியஸ். அதாவது சுற்றுப்புறம் 23 டிகிரி இருந்தால்தான் அந்த 20 நிமிடம். குளச்சலில் 23 டிகிரியை ஏசி ரிமோட்டில்தான் பார்க்க முடியும். சித்திரை வெயிலில், தகரப் பந்தலுக்குக் கீழே நேரம் இன்னும் குறையும். ஆகவே பட்டியலில் விசிறி உண்டா, 'தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் நேரம்' எந்த வெப்பநிலையில் சொல்லப்பட்டது என்று தேடுங்கள். கடையில் பார்க்கும்போது உங்கள் கார்டைப் போட்டு, நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் மோடில் 60 நிமிடம் விடாமல் ஓட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சோனி கேமராக்களில் தானாக அணையும் வெப்ப அளவு 'ஸ்டாண்டர்ட்' என்று வரும். மெனுவில் அதை 'ஹை' என்று மாற்றாமல் சோதித்தால் சீக்கிரமே அணைந்து ஏமாற்றும். எந்தக் கேமராவானாலும் திரையைப் பின்பக்கத்திலிருந்து வெளியே இழுத்துவிட்டு ஓட்டுங்கள். உடம்போடு ஒட்டியிருந்தால் சூடு வெளியேறாது.

அடுத்து கிராப், அதாவது சென்சாரின் ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுப்பது. '4கே 120' (வினாடிக்கு 120 பிரேம்) என்று போட்டிருக்கும். சென்சார் முழுவதையும் பயன்படுத்துகிறதா என்று போட்டிருக்காது. உதாரணத்துக்கு சோனி எஃப்எக்ஸ்30, 4கே 120இல் படத்தின் அகலத்தை இன்னும் குறுக்கிவிடும். சின்ன வீட்டு முற்றத்தில் நலுங்கு எடுக்கும்போது, வைடு லென்ஸ் போட்டும் மாப்பிள்ளையின் அத்தை சட்டகத்துக்கு வெளியே நிற்பார்.

பிட் கணக்கு. 8 பிட் என்றால் ஒரு நிறத்துக்கு 256 படி. 10 பிட் என்றால் 1,024. கன்னியாகுமரி சூரியோதய வானத்தை 8 பிட் லாக்கில் (பிறகு கலர் ஏற்றுவதற்கென்றே வெளிறினாற்போலப் பதியும் முறை) எடுத்து கலர் ஏற்றினால் வானம் பட்டை பட்டையாக உடையும். லாக் வேண்டுமென்றால் 10 பிட் கட்டாயம். 10 பிட் வேண்டாமென்றால் லாக்கையும் மறந்துவிடுங்கள். சாதாரண புரொஃபைலில் எடுப்பதே அழகு.

கார்டு செலவு. இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: பட்டியலில் வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று இருக்கும் எண்ணை 0.45 ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 100 மெகாபிட் என்றால் 45 ஜிபி. சோனியின் 4கே 25 பிரேம் ஆல்-இன்ட்ரா (ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் முறை) 250 மெகாபிட், அது 112.5 ஜிபி. 2 கேமரா, 5 மணி நேரம் ஓடினால் 1,125 ஜிபி. அதை 2 ஹார்ட் டிஸ்கில் காப்பி வைக்க வேண்டும் என்பதால் ஒரு கல்யாணத்துக்கு 2.25 டிபி. இந்தச் செலவைச் சேர்க்காமல் கேமரா விலை பேசுவது, மீன் விலை மட்டும் பேசிவிட்டு ஐஸ் வாங்க மறந்த கதை. கார்டு வேகமும் இதே கணக்குதான். 250 மெகாபிட்டை 8 ஆல் வகுத்தால் வினாடிக்கு 31.25 எம்பி. வி30 கார்டு உறுதி தருவது 30 எம்பி, நடுவில் நின்றுபோகும். வி60 வாங்குங்கள். 600 மெகாபிட் மோடு என்றால் வினாடிக்கு 75 எம்பி வருவதால் வி90.

கடைசியாக எடிட்டிங் கம்ப்யூட்டர். புதுக் கேமராக்கள் எச்.265 என்ற சுருக்க வடிவில், நிற விவரம் கூடுதலான 10 பிட் 4:2:2 பதிவு செய்கின்றன. இதைச் சரளமாக ஓட்ட எல்லா கிராபிக்ஸ் கார்டாலும் முடியாது. இன்டெலின் 11ஆம் தலைமுறை முதல் வந்த உள்ளமை கிராபிக்ஸ், ஆப்பிளின் எம் வரிசை, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை ஆகியவை ஓட்டும். அதற்கு முந்தைய என்விடியா கார்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் இந்த வடிவில் மட்டும் திணறும். அப்படியிருந்தால் முதலில் பிராக்ஸி (எடிட்டுக்கான சின்ன நகல்) போட்டு எடிட் செய்யுங்கள்.

டைனமிக் ரேஞ்ச் (ஒரே படத்தில் எவ்வளவு இருட்டும் வெளிச்சமும் பிடிபடும் என்ற அளவு) '15 ஸ்டாப்' (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு) என்ற வரியைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் இரைச்சலை எங்கே வெட்டுகிறது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு கேமராக்களை ஒப்பிட மட்டும் அது உதவும்.

8கே வந்தால் 4கே செத்துவிடுமா?
– வாசகர், இரணியல்

சாகாது. உங்கள் வாடிக்கையாளர் பார்ப்பது போனில். 8கே பயன்படும் ஓரிடம், ஆலயத்தில் அசையாமல் நிற்கும் ஒரே கேமராவில் எடுத்து, எடிட்டில் குளோசப், வைடு என்று வெட்டிக்கொள்வது. அதற்கு 6கே போதும்.

குறும்படம் எடுக்கிறோம். முட்டம் கடற்கரையில் நண்பகல் காட்சி. பின்னணி மங்கலாக வேண்டும் என்று லென்ஸைத் திறந்தால் படம் வெளுத்துப்போகிறது. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டர் உள்ளேயே இருக்கும் மலிவான கேமரா இந்தத் தடவை வருமா?
– கல்லூரி மாணவர், மணவாளக்குறிச்சி

வந்தால் நல்லது, அதற்குள் உங்களுக்கு எத்தனை ஸ்டாப் வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும்போது ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டராக வைத்தால் எஃப் 16 சரியான வெளிச்சம். லாக்கில் பல சோனி கேமராக்களின் அடிப்படை ஐஎஸ்ஓ 800. ஆக 800, 1/800, எஃப் 16. நீங்கள் 25 பிரேமுக்கு ஷட்டரை 1/50க்கு இறக்குகிறீர்கள்: 4 ஸ்டாப் கூடுதல். எஃப் 16இலிருந்து எஃப் 2.8க்குத் திறக்கிறீர்கள்: 5 ஸ்டாப். மொத்தம் 9. வெள்ளை மணலும் நுரையும் சேர்ந்தால் இன்னும் அரை ஸ்டாப் முதல் ஒன்று வரை.

இந்த 9 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலைப் பாருங்கள். சோனி எஃப்எக்ஸ்6இன் எலெக்ட்ரானிக் என்டி அதிகபட்சம் 7 ஸ்டாப். அதாவது எஃப் 5.6 வரைதான் திறக்கலாம். கேனன் சி70இல் 10 ஸ்டாப் வரை உண்டு. எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்30இல் உள் என்டியே கிடையாது. வெளியே மாட்டும் வேரியபிள் என்டியை வைடு லென்ஸில் கடைசிவரை திருகினால் வானத்தில் கறுப்பாகப் பெருக்கல் குறி விழும். அதனால் 6 ஸ்டாப் நிலையான என்டி ஒன்றை மாட்டி, அதன்மேல் 2 முதல் 5 வரையுள்ள வேரியபிளைச் சேருங்கள். வைடு லென்ஸில் இரண்டையும் அடுக்கினால் மூலை கறுக்கும், 82 மி.மீ. பில்டரை ஸ்டெப்-அப் வளையத்தோடு வாங்கினால் அது தீரும். மலிவு பில்டர்களில் அகச்சிவப்பு நுழைந்து கறுப்புத் துணி காப்பிப்பொடி நிறமாகும். வாங்குமுன் கறுப்பு வேட்டி அல்லது சட்டையை வெயிலில் எடுத்துப் பாருங்கள்.

பதிலை முடிக்குமுன், காலை 9க்கு முன்பும் மாலை 4.30க்குப் பின்பும் முட்டம் பாறைகளில் வெயிலே உங்களுக்கு இலவசமாகக் கொஞ்சம் குறைந்து தரும். நண்பகல் காட்சி கதைக்கு அவ்வளவு தேவையா என்று இயக்குநரைக் கேளுங்கள்.

அண்ணன் துபாயில் இருக்கிறான். அறிவிப்பு வந்தால் அங்கேயே வாங்கி வரச் சொல்லலாமா? இங்கே விலை ஏன் இவ்வளவு வித்தியாசம்?
– வாசகர், மார்த்தாண்டம்

கண்காட்சியில் சொல்லும் டாலர் விலையில் வரி கிடையாது. 2,200 டாலர் கேமராவை, டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 1,98,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி 35,640. கூட்டினால் 2,33,640. சுங்கம், சரக்குக் கூலி, வியாபாரியின் பங்கு இதற்கு மேல். 2018 வரை இந்த வரி 28 விழுக்காடாக இருந்தது; 2019 ஜனவரியிலிருந்துதான் 18. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் அந்த 35,640ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அண்ணன் கொண்டுவரும் கேமராவுக்கு அந்த வழி இல்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வரியில்லா வரம்புக்கு மேல் போனால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டி ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீதைக் கேமரா இருக்கும்வரை வைத்திருங்கள். அடுத்த தடவை அண்ணன் கேமராவோடு போய்த் திரும்பும்போது அதுவே கேடயம். வாரண்டி அட்டையில் எந்த நாட்டுக்குச் செல்லும் என்று எழுதியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் செல்லும். ஒன்றில் மட்டும் உஷார்: ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கான சோனி மாடல் மலிவாகக் கிடைக்கும், பலவற்றின் மெனுவில் ஜப்பானிய மொழி தவிர வேறு இருக்காது.

என் கணக்கு இது: விலை வித்தியாசம் 15 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் இங்கேயே பில்லோடு வாங்குங்கள். தொழிலுக்கு வாங்கும் பொருளுக்கு வாரண்டியும் ஒரு உதிரிப்பாகம்தான்.

கோயில் திருவிழாவை 60 பிரேமில் எடுத்தேன். டியூப் லைட் எல்லாம் துடிக்கிறது. புதுக் கேமரா வாங்கினால் போகுமா?
– வாசகர், திருவட்டாறு

போகாது, ஷட்டரை மாற்றினால் போகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 இருந்தால் ஒவ்வொரு பிரேமிலும் முழுத் துடிப்புகள் அடங்கும். 60 பிரேமில் 1/50 வைக்கவே முடியாது. ஆட்டோவில் விட்டால் கேமரா 1/60 அல்லது 1/125க்குப் போய்விடும், அங்கேதான் துடிப்பு. மெனுவில் PAL (50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான முறை) என்று மாற்றி 25 அல்லது 50 பிரேமில், 1/50 அல்லது 1/100 வைத்து எடுங்கள். ஸ்லோமோஷன் வேண்டுமா? 120 வேண்டாம், 100 பிரேமில் 1/100. அலங்கார சீரியல் லைட்டும் எல்இடி சுவரும் வேறு அதிர்வெண்ணில் துடிப்பவை. அவற்றுக்கு ஷட்டரைப் பொடிப்பொடியாக மாற்றும் வசதி இருக்கிறதா என்று புதுக் கேமராவின் பட்டியலில் பாருங்கள்.

32 பிட் ஃபுளோட் ஆடியோ வந்தால் சிங்காரி மேளச் சத்தம் உடையாது என்கிறார்களே?
– வாசகர், அருமனை

பாதி உண்மை. 32 பிட் ஃபுளோட்டில் ரெக்கார்டர் பக்கம் உடையாது. அளவு தப்பாக வைத்தாலும் எடிட்டில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக் காப்ஸ்யூலே தாங்காவிட்டால் உடைந்ததுதான் பதிவாகும். மேளத்துக்கு 2 மீட்டர் பக்கத்தில் நின்றால் மைக்கின் அதிகபட்ச ஒலி அளவு 130 டெசிபெல் அல்லது அதற்கு மேல் இருப்பதாகப் பாருங்கள். ஆலயத்தில் மைக்செட்காரர் மிக்சரிலிருந்து லைன் தரும்போதும் அப்படியே: அவர் மிக்சரில் சிவப்பு எரிந்தால் உங்கள் 32 பிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பானசோனிக் ஜிஎச்7இல் இந்த வசதி உண்டு, ஆனால் மைக் செருகும் எக்ஸ்எல்ஆர் அடாப்டரைத் தனியாக வாங்கி மாட்டினால்தான். 'உண்டு' என்று பட்டியலில் இருப்பதில் எதெல்லாம் வாங்கும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று பார்க்க இது நல்ல உதாரணம்.

ரப்பர் தோட்டத்து நடுவில் வீடு. இரண்டு மழையும் இங்கேதான் பெய்கிறது. ஒரு லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டது. புதுக் கேமரா வாங்கினால் எப்படிக் காப்பாற்ற?
– வாசகர், குலசேகரம்

தென்மேற்கும் வடகிழக்கும் சேர்ந்து நனைக்கும் ஊரில் முதலில் வாங்க வேண்டியது கேமரா இல்லை, ஈரமானி. சில நூறு ரூபாய்தான். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருக்க வேண்டும். 60க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை கண் திறக்கும். 30க்குக் கீழே போனாலும் ரப்பர் பிடிகள் உலர்ந்து வெடிக்கும்.

மின்சார டிரை கேபினெட் வாங்க வசதி இல்லையென்றால், ரப்பர் வளையமுள்ள காற்றுப்புகா பிளாஸ்டிக் பெட்டி 20 லிட்டர், அதில் 250 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல். ஆரஞ்சு பச்சையாக மாறினால் ஓவனில் 120 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, முழுக்க ஆறியபின் திரும்பப் போடுங்கள். சூட்டோடு போட்டால் பெட்டிக்குள்ளேயே ஆவி கட்டும். பூஞ்சை வந்த லென்ஸை இந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். தோல் உறையும் துணிப்பையும் ஈரம் பிடித்து வைத்திருக்கும். அவற்றை வெளியே விடுங்கள்.

கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் உப்பு இன்னொரு சங்கதி. நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஹாட் ஷூவின் (பிளாஷ் மாட்டும் இடம்) உலோகத் தகட்டையும் மறக்காமல் துடையுங்கள். விசிறியுள்ள கேமராவின் காற்றுத் துளைக்குள் வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரமும் உப்பும்தான். கை புளோயர் மட்டும். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்தால், கேமராவை எடுக்குமுன் பையை மூடியபடியே 20, 30 நிமிடம் வெளியே வையுங்கள். அவசரப்பட்டு உடனே திறந்தால் லென்ஸுக்குள்ளும் வியர்க்கும்; அப்போது லென்ஸைக் கழற்றிவிடாதீர்கள், அந்த வியர்வை சென்சார் மேல் இறங்கும்.

எங்களிடம் 6 கேனன் இஎஃப் லென்ஸ் இருக்கிறது. நிக்கானோ சோனியோ புதிதாக ஏதாவது அறிவித்தால் மாறலாமா?
– ஸ்டுடியோ நடத்தும் வாசகி, நாகர்கோவில்

இஎஃப் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து (மவுண்ட்) சென்சார் வரை 44 மி.மீ. வேண்டும். புதிய மவுண்ட்கள் எல்லாம் அதைவிடக் குட்டை: கேனன் ஆர்எஃப், எல் மவுண்ட் இரண்டும் 20, சோனி இ 18, நிக்கான் இசட் 16. மிச்ச இடத்தில் அடாப்டர் உட்காரும். அதனால் எதற்கும் மாற்றலாம். ஆட்டோஃபோகஸ் மட்டும் ஆர்எஃப் உடம்பில் கேனனின் சொந்த அடாப்டரோடு ஒழுங்காக வரும். மற்றவற்றில் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். உங்கள் 6 லென்ஸையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவரை 5 மீட்டரிலிருந்து கேமராவை நோக்கி நடக்கச் சொல்லி 10 முறை எடுங்கள். 10இல் 9 முறை முகம் கூர்மையாக இருந்தால் அந்த லென்ஸ் தேறும். 6இல் 4 தேறாவிட்டால் மாறும் செலவோடு 4 புதிய லென்ஸின் விலையையும் கூட்டிப் பாருங்கள், கண்காட்சிக்கு முன்பே.